நீர்யானை விழுந்த சத்தம்

என் அக்காவைக் கட்டியவர் விழாமலே விழத் தெரிந்தவர். மாடியிலிருந்து, மரத்திலிருந்து, ஏணியிலிருந்து, ஒருமுறை நிலாவிலிருந்துகூட விழுந்திருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கார்ட்டூன் படங்களுக்குச் சத்தம் போடுவது அவர் தொழில். வாயால் அல்ல, மணல் மூட்டை, சைக்கிள் ட்யூப், பாத்திர மூடி, பலகை, இவற்றை வைத்துக்கொண்டு. கம்பெனியில் எல்லோரும் அவரை டமால் என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. எனக்கு அவர் மாமா. நான் அதே கம்பெனியில் படத்தொகுப்பு செய்கிறவன். அவர் அனுப்பும் சத்தத்தைப் படத்தோடு ஒட்டி, மிஞ்சியதை வெட்டிப் போடுவது என் வேலை.

எழுத உட்கார்ந்தபோது மனுஷனை நாலு வார்த்தை திட்டி எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

எங்கள் கம்பெனிக்குச் சோறு போட்டது ஒரு நீர்யானையும் ஒரு கொசுவும். ஏழு நிமிடப் படங்கள், மொத்தம் நாற்பத்திரண்டு. நீர்யானைக்குத் தூங்க வேண்டும், கொசுவுக்குப் பாட வேண்டும், அவ்வளவுதான் கதை. வசனமே கிடையாது. கொசுவை அடிக்கப் போய் நீர்யானை தன் மண்டையிலேயே போட்டுக்கொள்ளும், எதிலிருந்தாவது விழும், அப்பளமாகத் தட்டையாகும், அரை நொடியில் எழுந்து உடம்பை உதறும். குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பாதிச் சிரிப்பு படத்துக்கு, மீதி மாமாவின் சத்தத்துக்கு. நனைந்த மணல் மூட்டை பலகையில் விழும், சரியாக அரை நொடி கழித்து ஒரு மூடி உருண்டு உருண்டு நிற்கும். அந்த மூடிதான் தந்திரம் என்பார் மாமா. மூடி உருண்டால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமாம்.

நீர்யானையின் நடை மட்டும் என் அக்காவுடையது. அளவுக்கு மீறிய ரப்பர் செருப்பைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு அவள் நடப்பாள். "இவரு என் மூஞ்சியைப் பாத்தா கட்டினாரு? செருப்புச் சத்தத்தைக் கேட்டுல்ல கட்டினாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

சத்தம் பதிவு செய்வது வீட்டிலேயே. பின்னறைச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருந்தார். கதவை மூடினால் உலகம் வெளியே நின்றுவிடும். கதவுக்கு மேலே, கூடத்துப் பக்கம், ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் வீட்டில் பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. எந்தச் சத்தம் போட்டாலும், போட்ட பிறகு பதினைந்து எண்ணும்வரை யாரும் அசையக் கூடாது. "சத்தம்னா அது கேக்குறது மட்டும் இல்ல மச்சான். அது அடங்குறதும் சேத்துதான்" என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் ஒருநாள் அந்தப் பதினைந்துக்குள் தும்மிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பல்பு எரிந்தால் அக்கா குழாயை நிறுத்துவாள், அடுப்பை அணைப்பாள், இருமலை விழுங்குவாள். அவசரம் என்றால் பின்னறைக் கதவிடுக்கில் வாயை வைத்து, காற்று போல, "என்னங்க" என்பாள். அவர் திறக்கும்வரை நிற்பாள். அவர்கள் மகள் நடக்கப் பழகியதே பாதத்தின் ஓரத்தை ஊன்றித்தான். இப்போது வேறு ஊரில் விடுதியில் இருக்கிறாள். பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று கூட இருக்கிற பெண்கள் புகார் செய்கிறார்களாம்.

"இத்தனை வருஷமா வாயைப் பொத்திக்கிட்டே இருக்கியே, உனக்கு வெறுக்கலையா?" என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன்.

"வாயைப் பொத்திக்கிட்டா வீட்டுல சண்டையே வராதுடா. உன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிப் பாரு. முதல்ல நீ பொத்து, அப்புறம் அவகிட்ட சொல்லு."

நீர்யானையை உண்டாக்கிய பெரியவர் இறந்த பிறகு கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. ஏழு நிமிடத்தில் இவ்வளவு சிரிக்கிறார்களே, ஒன்றரை மணி நேரம் ஓடினால் எவ்வளவு சிரிப்பார்கள்? முழுநீளப் படம் எடுப்பது என்று முடிவானது. அறுக்க மாட்டாதவன் கையில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்களே, அந்தக் கதையாக ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முதலில் பழைய படங்களில் பன்னிரண்டைப் பொறுக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். அலுவலகத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினோம். முதல் பத்து நிமிடம் அறை அதிர்ந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றது. நாற்பதில் ஒருவர் கைபேசியை எடுத்தார். அறுபதில் எனக்கே தூக்கம் வந்தது. பாயசம் நல்லது என்பதற்காகக் குடம் குடமாகக் குடிக்க முடியுமா?

அதற்குப் பிறகுதான் புது இயக்குநரைக் கொண்டுவந்தார்கள். முப்பது வயதுப் பெண். பேச்சு குறைவு, பார்வை கூர்மை. நாற்பத்திரண்டு படங்களையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "இவ்வளவு தடவை விழுது, ஒரு தடவைகூட அதுக்கு வலிக்கல. வலிக்காதவனோட ஏழு நிமிஷம்தான் உக்கார முடியும். இந்தப் படத்துல ஒரே ஒரு தடவை அது விழுந்து எழுந்திருக்கக் கூடாது."

அந்தக் காட்சி அறுபதாவது நிமிடத்தில் வருகிறது. நீர்யானை கூரையிலிருந்து விழுகிறது. கிடக்கிறது. கொசு சுற்றிச் சுற்றி வருகிறது, வழக்கமான அரை நொடிக்காகக் காத்திருக்கிறது. எழவில்லை. கொசு பிறந்தது முதல் பாடிய பாட்டை நிறுத்துகிறது. கடைசியில் நீர்யானை எழத்தான் எழும். ஆனால் அந்த ஒரு நிமிடம் தியேட்டர் பயப்பட வேண்டும். படம் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு சத்தத்தில் இருந்தது.

மாமாவுக்கு அது வரவில்லை.

மூடியை எடுத்துவிட்டார். மணலுக்குப் பதில் அரிசி மூட்டை போட்டார், நனைந்த மெத்தையைப் போட்டார், ஊறிய தோல் பையைப் போட்டார். நாள் தவறாமல் ஐந்தாறு அனுப்புவார். தொகுப்பறையில் நானும் இயக்குநரும் உதவியாளர் இருவரும் உட்கார்ந்து கேட்போம். சத்தம் வந்ததும் யாராவது ஒருவர் வாயோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்க்கும். எழுபது கேட்டிருப்போம். "மன்னிச்சுக்குங்க சார், இதுல இன்னும் சிரிப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று இயக்குநர் போனில் தன்மையாகச் சொல்வார். மாமா "சரிங்க மேடம்" என்று வைத்துவிடுவார். திங்கட்கிழமை ஒலிக்கலவை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் வராவிட்டால் வேறு ஆளைத் தேடுவது என்று பேச்சு. நீர்யானைக்கு வேறு ஒருவன் சத்தம் போடுவதா? மாமா சோறு தண்ணீர் இறங்காமல் சுற்றினார்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு இயக்குநரிடம் எனக்கும் வசவு விழுந்திருந்தது. அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். மாமா தோல் பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த நாக்கு.

"மாமா, உங்களுக்கு விழுற மாதிரி நடிக்கத்தான் தெரியும். விழறதுன்னா என்னன்னு தெரியாது" என்றேன்.

அவர் தோல் பையை மறுபடி தூக்கிப் பார்த்தார். அக்காவின் முகம்தான் சுண்டிப்போயிற்று. வாசல்வரை வந்து, "அவரே நொந்து போயிருக்காரு. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சணுமா?" என்றாள்.

மறுநாள் அவளே போன் செய்தாள். குரலில் குதூகலம். "ஒரு யோசனை பண்ணியிருக்கேன்டா. அவரு எப்ப போடப் போறோம்னு தெரிஞ்சே போடுறாரு, அதான் பொய்யாப் போவுது. நாளைக்குக் கூடத்துல மைக்கை வெச்சு, பதிவை ஓட விட்டுட்டு உள்ள உக்காருங்கன்னு சொல்லிட்டேன். நான் என்னத்தை எப்ப போடுவேன்னு சொல்ல மாட்டேன். அவரும் கேக்கக் கூடாது. எப்படி?"

"நீ பெரிய ஆளுக்கா" என்றேன். நிஜமாகவே நல்ல யோசனை என்றுதான் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பல்பு எரிந்தது. அக்கா முதலில் துணி மூட்டையைப் போட்டாள், அப்புறம் தண்ணீர்க் கேனை, அப்புறம் அலமாரியின் மேலிருந்த பெட்டியை. ஒவ்வொன்றுக்கும் பிறகு பதினைந்து எண்ணிவிட்டு மாமா உள்ளிருந்து கதவை ஒருமுறை தட்டுவார். ஒரு தட்டு என்றால் போதவில்லை, இன்னொன்று போடு என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் கிடைத்துவிட்டது.

பதிவில் இருந்த கடிகாரப்படி பிற்பகல் மூன்று மணி ஏழு நிமிடம், பன்னிரண்டாவது நொடியில் ஒரு சத்தம் வந்தது. மாமா மூச்சை அடக்கிப் பதினைந்து எண்ணினார். பிறகு எழுந்து கதவை இரண்டு முறை தட்டினார். "அசத்திட்ட!" என்று உள்ளிருந்தே கத்தவும் செய்தார். ஹெட்போனைக் கூடத்து மைக்கிலிருந்து கணினிக்கு மாற்றி, அந்த ஒரு சத்தத்தையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஏழெட்டு முறை கேட்டிருப்பேன் என்று பிற்பாடு சொன்னார். முன்னால் கொஞ்சம், பின்னால் மூன்று நிமிடம் விட்டு எடுத்து எனக்கு அனுப்பினார். வாலை நீளமாக விட்டு அனுப்புவது அவர் வழக்கம், வெட்டுவது நான். கூடவே ஒரு வரி: "கிடைச்சிடுச்சு மச்சான். உங்க அக்கா என்னத்தைப் போட்டாளோ, இன்னும் கேக்கல." அதன் பிறகு கைபேசியை அணைத்துவிட்டு, கொசுவின் ரீங்காரம் ஒன்று பாக்கி இருந்ததைச் சீர்செய்ய உட்கார்ந்தார். திங்கட்கிழமைக்குள் எல்லாம் முடிய வேண்டுமே.

தொகுப்பறையில் அதைப் போட்டேன். நாலு பேர் இருந்தோம். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. இயக்குநர் கையை வாயில் வைத்துக்கொண்டார். "இதுதான்" என்றார். நான் மாமாவுக்கு "பிரமாதம்" என்று செய்தி போட்டேன். படத்தோடு சேர்த்துப் பார்த்தோம். நீர்யானை விழுந்தது, வயிறு ஒருமுறை குலுங்கியது, அடங்கியது. பொருந்தியது என்றால் அப்படிப் பொருந்தியது. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்: என் அக்கா விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் வாலை வெட்ட உட்கார்ந்தேன். சத்தம் எங்கே முழுதாக அடங்குகிறது என்று தெரிந்தால்தான் வெட்ட முடியும். ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். மாமாவின் இரண்டு தட்டு கேட்டது. "அசத்திட்ட" கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. வெட்டப் போனேன். அப்போது தரையில் நகம் உரசுவது போல ஏதோ கேட்டது. இன்னும் கூட்டினேன். ஒரு மூச்சு. பிறகு, "என்னங்க".

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "என்னங்க".

மாமாவின் எண்ணுக்கு அடித்தேன், அணைந்திருந்தது. அக்காவின் எண்ணுக்கு அடித்தேன், மணி அடிக்கவில்லை. பல்பு எரிகிற நேரம் அதுவும் அணைந்துதான் இருக்கும். ஒன்பது தெரு தள்ளி வீடு. ஓடினேன். வழியில் ஆட்டோ கிடைத்ததா, எங்கே ஏறினேன், எதுவும் நினைவில்லை. வீட்டு வாசலில் நின்று சன்னல் வழியே பார்த்தேன், கூடத்தில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சொல்லக் கூசுகிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் திறந்தேன். அப்படி ஊறிப்போயிருந்தது எங்களுக்கெல்லாம்.

அக்கா குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். கை பின்னறைக் கதவை நோக்கி நீண்டிருந்தது. மூச்சு இருந்தது. நான் கத்திய கத்தலில் அண்டை வீட்டார் வந்துவிட்டார்கள். மாமா கடைசியாகத்தான் வந்தார். கழுத்தில் ஹெட்போனோடு கதவைத் திறந்து, முதலில் என்னைப் பார்த்து விரலை வாயில் வைத்தார். அப்புறம்தான் கீழே பார்த்தார்.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். "எப்ப விழுந்தாங்க?"

"மூணு ஏழு. பன்னிரண்டு நொடி."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவள் வந்து சேர்ந்தது நாலு நாற்பதுக்கு. உடனே கொண்டுவந்திருந்தால் என்று நான் கேட்டதற்கு, "ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். ஞாயிறு காலை அவள் போய்விட்டாள். கண்ணைத் திறக்கவேயில்லை.

ஒலிக்கலவை தள்ளிப்போனது. இயக்குநர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சத்தத்தை நாம கேட்டதே இல்லைன்னு வெச்சுக்குவோம்" என்றார். நல்ல பெண். வேறு ஆளையும் அவர் கூப்பிடவில்லை. அந்த இடத்தில் ஒன்றும் போடாமல் விட்டுவிடச் சொன்னார். நீர்யானை விழும்போது எந்தச் சத்தமும் இல்லை. கொசுவின் பாட்டும் நின்றுவிடுகிறது. படம் வெளியாகி நன்றாக ஓடியது. அந்த இடத்தில் தியேட்டர் மூச்சை அடக்குகிறது, குழந்தைகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சத்தமே வேண்டாம் என்பது முதல் நாளே எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுபது சத்தம் கேட்டோம், மனுஷனை வதைத்தோம், நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எல்லாம் வேண்டாத வேலை.

மாமா படத்தைப் பார்க்க வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு சத்தம் போடல. விழுந்ததும் நினைவு போயிடுச்சு. வலி தெரியாமப் போயிட்டா." மகளிடமும் அதையே சொன்னார். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொள்வேன். மூன்று நிமிட வால் என்னிடம் இருந்தது, பிற்பாடு அதைக் கடைசிவரை கேட்டிருந்தேன். மீதிப் பதிவு அவர் கணினியில் இருந்தது. நான் கதவைத் திறக்கும்வரை அது ஓடியிருக்கிறது. அந்த மீதியை நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். கணினியை எடுத்துக்கொண்டு போய்விடு, என்னால் தொட முடியவில்லை என்றார். இப்போது அந்த வீட்டில் டி.வி. எந்நேரமும் அலறுகிறது. பகல் மூன்று மணிக்கு யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒயர்களைக் கழற்றிச் சுருட்டினேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து, அக்கா கிடந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது டி.வி.யை நிறுத்தினார்.

"மச்சான். நீ வாலைக் கேட்டுத்தானே ஓடி வந்த?"

"ஆமா."

"அப்ப அதுல ஏதோ இருந்திருக்கு."

பொய் சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மனுஷன் மூன்று மாதம் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் அக்கா கூப்பிட்டிருக்கிறாள். அவள் கூப்பிடவே இல்லை என்று ஊரெல்லாம் சொன்னால் எப்படி?

"கூப்பிட்டா மாமா" என்றேன்.

"எத்தனை தடவை?"

"எங்கிட்ட இருக்கிறதுல நாலு."

அவர் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கை வலித்தது. கணினியைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை.

"கத்தியா கூப்பிட்டா?"

"இல்ல. மெதுவா. கதவுகிட்ட வந்து கூப்பிடுவாளே, அந்த மாதிரி."

"நான்தான் அப்படிப் பழக்கினேன்" என்றார்.